மொபைல் நிறுவனத்துக்குக் கிறிஸ்துமஸ் நகைச்சுவை விளம்பரத் தொடர்: முதல் வரியிலிருந்து டிசம்பர் 26 வரை

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே சிரிப்புக் காட்சியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா புகைக்கூண்டில் மாட்டிக்கொள்கிறார், மான் செல்ஃபி எடுக்கிறது, அறையில் இருக்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் போனை எங்கே நுழைப்பது என்ற கேள்வி வருகிறது. வழி தெரியாமல் கடைசி இரண்டு நொடியில் லோகோவை ஒட்டுகிறார்கள். பார்த்தவர்களுக்குத் தாத்தா நினைவிருப்பார். எந்த நிறுவனத்தின் விளம்பரம் என்று கேட்டால் போட்டியாளரின் பெயரைச் சொல்வார்கள்.

வரிசையை மாற்றினாலே இதில் பாதி சரியாகிவிடும். முதலில் சலுகை, பிறகு நாள்காட்டி, அதற்குப் பிறகுதான் நகைச்சுவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- எந்த மாடல் அல்லது எந்தத் திட்டம் என்று நிறுவனம் எழுத்தில் கொடுத்த முடிவு
- அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லப்போகும் எண்களுக்கான சோதனை அறிக்கை (சார்ஜ் ஏறும் நேரம், வேகம், பேட்டரி எதுவானாலும்)
- கடைகளுக்கும் கிடங்குக்கும் சரக்கு வந்து சேரும் தேதி
- ஸ்கிரிப்டுக்கு ஒப்புதல் தரும் ஒரே ஒருவரின் பெயர்
- சட்டப் பிரிவு, கால் சென்டர் இரண்டிலும் தொடர்புக்கு ஆளுக்கு ஒருவர்

நான்காவதைத்தான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டிய நகைச்சுவையில் ஆளுக்கொரு கூர்மை மழுங்கிப் போகும். கருத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் சொல்லட்டும், முடிவை ஒருவர் எடுக்கட்டும்.

1. விற்கும் விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

போன் தயாரிக்கும் நிறுவனமா, சிம் இணைப்பு தரும் நிறுவனமா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் விற்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள். இணைப்பு நிறுவனம் விற்பது கண்ணுக்குத் தெரியாத சேவை. அதைக் காட்ட மனிதர்களுக்கு நடுவே ஒரு நிகழ்ச்சி வேண்டும்.

பிறகு ஒரு வரி எழுதுங்கள்: "இந்தப் போன் சீக்கிரம் சார்ஜ் ஏறும்." அவ்வளவுதான். கேமராவும் நல்லது, வண்ணமும் நாலு, தவணையிலும் வாங்கலாம் என்று நீட்டினால் எந்த நகைச்சுவையும் அதைத் தாங்காது. ஒரு நகைச்சுவைக்கு ஒரு பண்பு போதும். மற்றவை கடைப் பலகைக்கும் இணையப் பக்கத்துக்கும் போகட்டும்.

2. டிசம்பர் 25-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

- 24 வாரத்துக்கு முன் (ஜூலை இரண்டாம் வாரம்): ஒரு வரி முடிவாக வேண்டும்
- 20 வாரத்துக்கு முன்: ஸ்கிரிப்ட், ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் படத்தாள்)
- 16 வாரத்துக்கு முன் (செப்டம்பர் முதல் வாரம்): ஷூட்
- 8 வாரத்துக்கு முன்: எல்லா நீளங்களும் எல்லா வடிவங்களும் தயார்
- டிசம்பர் 1: முதன்மைப் படம் வெளியீடு

நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி அலையில் நகைச்சுவைப் படத்தை இறக்காதீர்கள். அந்த வாரம் எல்லோரும் விலையை மட்டும்தான் பார்ப்பார்கள், விளம்பர இடமும் கிராக்கியாக இருக்கும்.

இணைப்பு நிறுவனங்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. அழைப்பும் டேட்டா பயன்பாடும் உச்சத்தில் இருக்கும் என்பதால், டிசம்பரில் நெட்வொர்க்கிலும் பில்லிங் அமைப்பிலும் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று பல நிறுவனங்கள் தடை போட்டுவிடுகின்றன. புதிய பிளான் அந்தத் தடைக்கு முன்பே அமைப்பில் ஏறியிருக்க வேண்டும். விளம்பரம் ஓடி, வாடிக்கையாளர் கேட்டு, பிளான் மட்டும் சிஸ்டத்தில் இல்லையென்றால் திட்டு வாங்குவது கடைக்காரர்தான். தடை தொடங்கும் தேதியை ஜூலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஆர்த்தடாக்ஸ் சபையினர் கணிசமாக உள்ள நாடு என்றால், படத்தை டிசம்பர் 26 அன்று நிறுத்த வேண்டாம். இந்த அட்டவணையையும் அதற்கேற்ப நீட்டுங்கள்.

3. பண்டிகையும் போனும் உரசும் இடத்தில் சிரிப்பைத் தேடுங்கள்

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கிறிஸ்துமஸ் நேரத்தில் மனிதர்கள் உண்மையில் செய்வது: பரிசைக் கோணலாகச் சுற்றுவது, பிடிக்காத பரிசுக்கு முகத்தைச் சமாளிப்பது, குடும்பப் படத்துக்கு ஒருவர் மட்டும் கண்ணை மூடுவது. வலப்பக்கம் போனோடு மனிதர்கள் உண்மையில் செய்வது: 2 சதவீதத்தில் சார்ஜருக்கு ஓடுவது, வீடியோ காலில் பாட்டி கூரையை மட்டும் காட்டுவது, ஒரே வாழ்த்துப் படம் நாற்பது குழுக்களிலிருந்து வந்து குவிவது.

இப்போது இடப்பக்கத்து வரி ஒன்றையும் வலப்பக்கத்து வரி ஒன்றையும் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை ஒட்டாது. ஐம்பது இணை எழுதினால் மூன்று தேறும், அந்த மூன்று போதும். ஐந்து எழுதிவிட்டு அதில் நல்லதைப் பிடித்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஐந்தும் போட்டி நிறுவனத்தின் மேசையிலும் கட்டாயம் இருக்கும்.

தேறியதற்கு ஒரு சோதனை வையுங்கள். கதையிலிருந்து போனை எடுத்துவிட்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வருகிறதென்றால் அது நல்ல நகைச்சுவைதான், உங்கள் விளம்பரத்துக்கு உதவாது. போனை எடுத்ததும் கதை சரிந்துவிட்டால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மைத் தகவல்களிலேயே நல்ல தீனி கிடக்கிறது. சாதாரணத் தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்வதால், தடித்த கையுறை போட்ட தாத்தாவால் தன் போனையே திறக்க முடியாது. பனிமான்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆண்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடுவதால், டிசம்பர் கடைசியில் கொம்போடு நிற்பவை பெரும்பாலும் பெண்கள். வண்டி இழுக்கும் மானுக்குப் பெண் குரல் கொடுத்தால் புதுமையாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும்.

4. தொடக்கூடாத ஐந்து

தாத்தா நிஜமில்லை என்று சுட்டும் எந்தக் காட்சியும் வேண்டாம். அப்பா தாடி ஒட்டிக்கொள்வது, அம்மா பரிசை ஒளித்து வைப்பது இரண்டும் இதில் அடங்கும். குழந்தை பார்க்கும் நேரத்தில் அது ஒருமுறை ஓடினால், அன்றிரவு பதில் சொல்ல வேண்டியவர் பெற்றோர். அந்தக் கோபம் நியாயமானது.

தொழுவம், குழந்தை இயேசு, மரியாள், திருப்பலி ஆகியவற்றை நகைச்சுவைக்கு இழுக்காதீர்கள். நமக்கு வேண்டிய சிரிப்பு மனிதர்களின் அவசரத்திலும் அசட்டுத்தனத்திலும் போதிய அளவு இருக்கிறது.

சிவப்பு மூக்குப் பனிமான் பொதுச் சொத்து இல்லை. 1939-ல் அமெரிக்கச் சில்லறை நிறுவனம் ஒன்றுக்காக உருவாக்கப்பட்ட பாத்திரம் அது, இன்றும் உரிமைக்கு உட்பட்டது. சாதாரண மூக்கோடு வரும் மானுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பாட்டிலும் இதே கவனம் தேவை. 1857-ல் வெளியான ஜிங்கிள் பெல்ஸ் மெட்டு யாருக்கும் பொது. ஆனால் அதை வேறொருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு பொது இல்லை. மெட்டை எடுத்துப் புதிதாக வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, முதியவர்களை முட்டாளாக்கும் சிரிப்பு. பரிசுப் போனைக் காசு கொடுத்து வாங்குபவர் பல வீடுகளில் அந்த முதியவரேதான்.

5. 30 நொடி ஸ்கிரிப்ட்

கிறிஸ்துமஸ் பரபரப்பு, சீக்கிரம் ஏறும் சார்ஜ் இரண்டையும் ஒட்டியபோது கிடைத்த ஒரு கதையை நொடிவாரியாகப் பார்ப்போம்.

0–4: கூரை மேல் வண்டி. தாத்தா வந்து ஏறுகிறார். உடம்பெல்லாம் வண்ண விளக்கு, தாடியில் பந்துகள், தொப்பி உச்சியில் நட்சத்திரம்.

4–7: பனிமான் திரும்பி முறைக்கிறது. தாத்தா: "சார்ஜ் போட்டேன்."

7–16: நடந்தது என்ன? மரத்துக்குப் பக்கத்தில் பழைய போனைச் செருகிவிட்டு நாற்காலியில் காத்திருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் வரும் குழந்தை அவரையும் அலங்காரம் என்று நினைத்து ஒவ்வொன்றாய் மாட்டுகிறது. தாத்தா மூச்சு விடவில்லை. திரையில் 3 சதவீதம், 4 சதவீதம்.

16–23: அடுத்த வீடு, புதிய போன். குழந்தை ஒரு பந்தைத் தாடியில் மாட்டிவிட்டு நட்சத்திரம் எடுக்கத் திரும்புகிறது. மறுபடி பார்த்தால் நாற்காலி காலி.

23–27: போன், பெயர், சோதனையில் உறுதியான சார்ஜ் நேரம்.

27–30: வண்டி. தாடியில் ஒரே ஒரு பந்து. மான் அதையே பார்க்கிறது. தாத்தா: "ஏறிடுச்சு."

இந்த அடுக்குக்குக் காரணம் இருக்கிறது. பல தளங்களில் விளம்பரத்தைத் தள்ளிவிடும் பொத்தான் 5-வது நொடியில் வந்துவிடுகிறது. அதற்குள் "இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். ஆகவே விளைவு முதலில், காரணம் பிறகு.

போனையும் பெயரையும் கடைசிச் சிரிப்புக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். சிரிப்பு முடிந்த பிறகு வரும் லோகோவை யாரும் பார்ப்பதில்லை, கை அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். இன்னும் ஒரு சிரிப்பு பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பார்கள்.

வசனத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியம் வினையில் முடிவதால், சிரிக்க வைக்கும் சொல் நடுவில் புதைந்துவிடும். "வைஃபை நல்லா இருந்ததால தாத்தா கிளம்பாம உட்கார்ந்துட்டார்" என்பதில் சிரிப்பு முதல் சொல்லிலேயே கசிந்துவிடுகிறது. "சார்ஜ் ஏறிடுச்சு. தாத்தா கிளம்பல. காரணம், வைஃபை." வெடிக்க வேண்டிய சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, அதற்குப் பிறகு ஓர் எழுத்துகூடச் சேர்க்காதீர்கள்.

6. மற்ற நீளங்கள்

30 நொடியை வெட்டி 6 நொடி ஆக்க முடியாது. 6 நொடிக்குத் தனி நகைச்சுவை எழுதுங்கள்: ஒரு நிலைமை, ஒரு திருப்பம். உடம்பெல்லாம் விளக்கு மாலைகள் தொங்கும் தாத்தா, முறைக்கும் மான், "சார்ஜ் போட்டேன்", போன்.

கைபேசிக்கு 9:16 (1080 × 1920), தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் 16:9 (1920 × 1080). இரண்டையும் ஷூட்டிலேயே திட்டமிடுங்கள். அகலத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு நெட்டையாக வெட்டினால் தாத்தா இருப்பார், மான் வெளியே போய்விடும். முறைக்கும் மான் இல்லாமல் அந்தக் காட்சியில் சிரிப்பே இல்லை.

7. ஷூட்: எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள்

பச்சைத் திரை. போன் திரைக்குள் பிறகு படம் பொருத்தலாம் என்று திரையைப் பச்சையாக ஒளிரவிடுவார்கள். கிறிஸ்துமஸ் மரமும் பச்சை. பச்சையை நீக்கும்போது மரமும் ஓட்டை விழுந்து நிற்கும். நடுத்தரச் சாம்பல் நிறமும் மூலைக்கொரு குறியும் வைத்து எடுங்கள். இன்னும் எளிய வழி, காட்ட வேண்டிய அசைவைப் போனிலேயே வீடியோவாக ஏற்றி ஓடவிடுவது.

கோடுகள். மலிவான எல்.இ.டி. சரவிளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், கேமராவில் அது கறுப்புக் கோடாக ஓடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/60 ஷட்டர் வேகத்தில் முந்தைய நாளே எடுத்துப் பாருங்கள். போன் திரையும் தன் கணக்குக்குத் துடிக்கும், அதையும் அதே விளக்கோடு சேர்த்துச் சோதியுங்கள்.

கண்ணாடிப் பிரதிபலிப்பு. தாத்தாவின் சிவப்பு உடை போன் கண்ணாடியில் அப்படியே தெரியும். போலரைசர் வடிகட்டி போட்டால் பிரதிபலிப்பு குறையும், ஆனால் சில கோணங்களில் போன் திரையே கறுத்துவிடும். போனை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

திரையில் தெரியும் நேரம். முதல் காட்சியில் 11:48, அடுத்ததில் 4:15 என்றால் பார்ப்பவர்கள் பிடித்துவிடுவார்கள். நேரம், பேட்டரி, சிக்னல் கோடுகள் மூன்றும் ஸ்டோரிபோர்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நோட்டிஃபிகேஷன்கள் எல்லாம் அணைக்கப்பட வேண்டும். யாருடைய உண்மையான எண்ணும் திரையில் வரக் கூடாது.

தாடி. சட்டைக்குள் மாட்டும் சிறு மைக் தாடியில் உரசிச் சரசரக்கும், எனவே மேலிருந்து தாழ்த்தும் கம்பி மைக்கை வையுங்கள். தாடியால் பெரிய நன்மையும் உண்டு. மீசையைச் சற்று நீளமாக வைத்தால் உதடு தெரியாது, ஆகவே வசனத்தை எடிட்டிங் மேசையில்கூட மாற்றலாம், வேறு மொழிக்கும் இயல்பாக டப் செய்யலாம். கடைசி வசனத்துக்கு ஐந்து மாற்று வரிகளை அதே நடிகரின் குரலில் அன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். சோதனையில் ஒன்று தோற்றால் மறுபடி ஷூட் போக வேண்டியதில்லை.

குழந்தை நடிகர். வேலை நேர வரம்பும் பெற்றோர் அனுமதியும் பல இடங்களில் உண்டு, உங்கள் ஊர் விதியைக் கேட்டு எழுத்தில் வைத்திருங்கள். குழந்தை வரும் காட்சிகளைக் காலையில் முடித்துவிடுங்கள், மாலையில் வரும் தூக்கக் கலக்கம் நடிப்பாக இருக்காது, அழுகையாக இருக்கும். அந்தக் குழந்தையும் தாத்தாவை நம்பும் வயதுதான். அது படப்பிடிப்புத் தளத்தில் இருக்கும்வரை நடிகர் தாடியைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. சோதனை: சிரித்தார்களா, என்ன நினைவிருக்கிறது?

நிறுவனத்துக்கு வெளியே உள்ள 12 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். கூட்டமாகக் காட்டினால் ஒருவர் சிரிப்பு மற்றவருக்குத் தொற்றும், கணக்கு தப்பாகிவிடும். "காமெடி விளம்பரம்" என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முதல் முறை ஒலி இல்லாமல் காட்டுங்கள், கைபேசியில் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். எழுத்து வரிகள் மட்டும் வைத்தே கதை புரிய வேண்டும்.

மறுநாள் மூன்று கேள்வி: என்ன நடந்தது? எந்த நிறுவனம்? என்ன தருகிறார்கள்? முதல் கேள்விக்கு 11 பேரும் இரண்டாவதற்கு 3 பேரும் சரியாகச் சொன்னால், சிரிப்பு பெயரை விழுங்கிவிட்டது. லோகோவைப் பெரிதாக்கினால் இது சரியாகாது. கதையின் நடுவில் போன் இன்னும் அதிக வேலை செய்ய வேண்டும்.

நிபந்தனை வரிகளைச் சத்தமாக இருமுறை வாசிக்கும் நேரம் திரையில் நிறுத்துங்கள். நகைச்சுவைக்காக மிகைப்படுத்தியது எது, வாக்குறுதி எது என்பது குழம்பக் கூடாது. "கண் மூடித் திறப்பதற்குள் சார்ஜ்" என்று தாத்தா சொன்னாலும், உண்மை நிமிடக் கணக்கு அதே காட்சியில் தெரிய வேண்டும்.

9. குறுஞ்செய்தி

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அந்த 70-ம் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு இல்லை. "கிறிஸ்துமஸ்" பார்வைக்கு 6 எழுத்து, கணக்கில் 11 இடம், ஏனென்றால் கொக்கியும் சுழியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. 70-ஐத் தாண்டினால் 67 இடம் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கொரு கட்டணம் விழும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தாத்தா எமோஜி சேர்த்தாலும் 160 என்பது 70 ஆகிவிடும். லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பும்போது அந்த ஒரு படத்தின் செலவு பட்ஜெட்டையே அசைக்கும்.

ஒரு கருத்து இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. உலகின் முதல் குறுஞ்செய்தியே கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அனுப்பினார். பெற்ற போனில் பதில் எழுதி அனுப்ப வழியே இல்லை. "தாமதத்துக்கு மன்னிக்கவும், உங்களுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்" என்று டிசம்பர் 3 அன்று ஒரு பதில் போடலாம். போன் நிறுவனத்தைத் தவிர வேறு யார் போட்டாலும் அது பொருந்தாது.

10. வெளியீடும் நிறுத்தும் அதிகாரமும்

ஒரே படத்தை 25 நாள் ஓட்டினால் முதல் வாரச் சிரிப்பு மூன்றாம் வாரத்தில் எரிச்சல் ஆகிவிடும். ஒருவருக்கு வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் போகாதபடி வரம்பு வையுங்கள். தாத்தா, மான், நாற்காலி மாறாமல் வீடு மட்டும் மாறும் நான்கு குறும்படங்களை ஒரே ஷூட்டில் எடுத்து வாரம் ஒன்றாக விடுங்கள்.

பொருளை வீட்டுக்கு அனுப்பக்கூடிய கடைசித் தேதியைத் தளவாடப் பிரிவிடம் கேளுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் "ஆர்டர் செய்யுங்கள்" என்ற வரி எல்லா இடத்திலிருந்தும் நீங்கி, "கடைக்கு வாருங்கள்" அல்லது "ரீசார்ஜைப் பரிசளியுங்கள்" என்று மாற வேண்டும். இரண்டு வடிவமும் அக்டோபரிலேயே தயாராக இருக்கட்டும்.

டிசம்பர் 24 இரவு நெட்வொர்க் படுத்துவிட்டால், அந்த நேரத்தில் ஓடும் நகைச்சுவை வாடிக்கையாளரைக் கேலி செய்வது போலத் தெரியும். பெரிய துயரச் செய்தி வந்தாலும் அப்படித்தான். எல்லா விளம்பரங்களையும் ஒரே அழைப்பில் நிறுத்தும் அதிகாரம் கொண்ட ஒருவர் அன்றிரவு விழித்திருக்க வேண்டும். அவருக்கு மாற்றாக இன்னொருவரும் வேண்டும். தள்ளுபடி இல்லாத எளிய வாழ்த்து அட்டை ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும், நிறுத்திய இடத்தை அது நிரப்பும்.

25-ம் தேதி விற்காதீர்கள். பரிசுப் பெட்டிகள் திறக்கும் நாள் அது. புதிய போன் கையில் இருக்கிறது, பழைய போனின் படங்களை மாற்றத் தெரியவில்லை, சிம் இன்னும் இயங்கவில்லை, கால் சென்டரில் வரிசை நீள்கிறது. அதே தாத்தாவும் மானும் வரும் 20 நொடி உதவி வீடியோக்கள் மூன்றை அந்த நாளுக்கென்று எடுத்து வைத்திருங்கள்: சிம் மாற்றுவது, படங்களை இடம் மாற்றுவது, பழைய போனை அழித்துச் சுத்தம் செய்வது. இந்த மூன்றும் 26-ம் தேதி காலைக்குள் கால் சென்டரின் காத்திருப்புச் செய்தியிலும், போன் பெட்டிக்குள் இருக்கும் கியூஆர் குறியீட்டிலும் திறக்க வேண்டும். பெட்டி அச்சாவது செப்டம்பரில் என்பதால், அந்த இணைப்பு முகவரியை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.